சாக்பீஸ் பெட்டிக்குள் குங்குமம்

டீச்சர்,

உங்களுடைய சாக்பீஸ் பெட்டி இப்போது என் வீட்டில், அரிசிப் பானைக்கு மேலே உள்ள பலகையில் இருக்கிறது. மூடியைத் தள்ளித் திறக்கிற மரப்பெட்டி. திறந்தால் முதலில் சுண்ணாம்புப் பொடி வாசம் வருகிறது. கொஞ்சம் பொறுத்து, அதற்கு அடியிலிருந்து எங்கள் அம்மன் வாசம் வருகிறது. குங்குமம், காய்ந்த வேப்பிலை, கருத்துச் சுருங்கின எலுமிச்சை, புற்று மண். இந்த இரண்டு வாசமும் ஒரே பெட்டிக்குள் எப்படி இருந்தன என்பது தெரிந்து நாலு மாதம் ஆகிறது. தெரிந்தும் ஒவ்வொரு தடவை மூடியைத் தள்ளும்போதும் யாரோ பின்னாலிருந்து முதுகில் ஓங்கி அடித்த மாதிரி இருக்கிறது.

நான் நாலாவது வரை படித்தவள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்க்கிறாள். உங்களுக்கும் அவள் பேத்திதான். பிழை மட்டும்தான் அவள் வேலை. சொல் எல்லாம் என்னுடையது.

எனக்கு மறதி கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். எந்தக் கல்யாணத்தில் யார் எனக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டாமல் தாண்டிப் போனார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். அவர்கள் கட்டியிருந்த சேலை நிறத்தோடு சொல்வேன். உங்கள் மேல் நான் வைத்திருந்த கோபத்துக்கு இருபத்து நாலு வயது. அதை ஒரு பிள்ளை மாதிரி வளர்த்தேன். அது எதற்காக என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் நெஞ்சில் என்ன விழுந்தது என்று உங்களுக்குப் புரியும்.

என் மகள் கலாவுக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கை கால் விழுந்துவிட்டது. கண் திறக்கவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெயங்கொண்டம் பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்குப் போய், பூசாரி காது கேட்க, வாய்விட்டுச் சொன்னேன். பிள்ளையைத் திருப்பிக் கொடு. அவள் உசுரோடு இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் ஆடி வெள்ளியில் அவள் கையால் மாவு இடித்து உனக்கு மாவிளக்கு எரியும். இதுதான் நான் சொன்னது. பிள்ளை பிழைத்தாள். கல்யாணம் ஆகிற வரை ஒரு ஆடிகூடத் தவறவில்லை.

பிறகு பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குப் போன இடத்தில் உங்கள் மகன் ஜோசப்பைப் பார்த்து, கட்டினால் இவனைத்தான் என்று நின்றாள். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். பேசி முடிக்கிற அன்றைக்கே மாவிளக்கு விஷயத்தை என் வீட்டுக்காரர் சபையில் வைத்திருக்க வேண்டும். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு தலையை ஆட்டினார். அந்தக் கோபம் தனி. அது அவரோடு இருக்கட்டும்.

முதல் ஆடி வந்தது. மகளை அழைத்துப்போக நான் மட்டும் கிளம்பினேன். கீழப்பழுவூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர், மறுபடி டவுன் பஸ்ஸில் குரும்பலூர். மடியில் புதுச்சேலையும் பழமும் வெல்லமும். நீங்கள் ரிடையர் ஆகி இரண்டு வருஷம் இருக்கும். வாசலுக்கே வந்து நின்றீர்கள்.

"வாங்க சம்பந்தியம்மா. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல உக்காருங்க."

"உக்கார வரல டீச்சர். பிள்ளைய அழைச்சிட்டுப் போக வந்தேன். வெள்ளிக்கெழம மாவிளக்கு போடணும்."

"அம்மா வூட்டுக்குத் தாராளமா அழைச்சிட்டுப் போங்க. ஒரு மாசம் வச்சிருந்து அனுப்புங்க. மாவிளக்கு மட்டும் வேணாம். அவ பீடத்து முன்னாடி நின்னு வார்த்தை கொடுத்த பொண்ணு."

"அதுக்கு முன்னாடி நான் ஒரு வார்த்தை கொடுத்திருக்கேன்."

"அது நீங்க கொடுத்தது. இது அவ கொடுத்தது."

குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள். கரும்பலகையில் எழுதிய மாதிரி இருந்தது. உள்ளே கலா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் சீர்த்தட்டை உங்கள் வாசல்படியில் வைத்துவிட்டு, "இந்த வூட்டு அடுப்புல ஆக்குன எதுவும் இனி என் தொண்டையில எறங்காது. நான் சாவுற வரைக்கும்" என்றேன்.

நீங்கள் என்னைத் தடுப்பீர்கள், கையைப் பிடிப்பீர்கள் என்று பார்த்தேன். "சரிங்க" என்றீர்கள். அவ்வளவுதான். சபதம் போட்டவளிடம் சரிங்க என்று சொல்கிற பொம்பளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றையிலிருந்து ஆடி மாதம் எங்கள் கோயில் பக்கமே நான் போகவில்லை. கொடுத்த சொல்லைக் காப்பாற்றாதவள் எந்த முகத்தோடு அங்கே நிற்பது? மாசி மாதம் ஊரே போகும்போது கூட்டத்தோடு போய், பின்னால் நின்று, அம்மன் கண்ணில் படாமல் வந்துவிடுவேன்.

கலாவுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிற்று. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் எதிரில் வந்து நின்றேன். அன்றைக்கு நான் சொன்னதையும் மறக்கவில்லை.

"அம்மன் கேக்குது டீச்சர். நீங்க மறிச்சு நிக்கிறீங்க. மறிச்ச ஆள விட்டுட்டு எம்பிள்ள வயித்துல கை வைக்குது."

உங்கள் விரல் மணியில் அப்படியே நின்றது. "சம்பந்தியம்மா, அந்த வேண்டுதல எப்படிச் சொன்னீங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க" என்றீர்கள். என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறீர்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கத்திச் சொன்னேன். அவள் கையால், ஆடி வெள்ளியில், அவள் உசுரோடு இருக்கிற வரைக்கும். நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்குக் கத்தினேன். நீங்கள், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றீர்கள்.

பேத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் "கேள்விய ரெண்டு தடவை படி" என்பீர்கள். அது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால்தான்.

அடுத்த வருஷம் பேத்தி பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு வந்தேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், பிரியாணி வாசத்தை மூக்கோடு நிறுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை குரும்பலூருக்கு வந்திருக்கிறேன். எல்லோருக்கும் இட்லியும் காப்பியும் போகும். என் முன்னால் ஒரு தட்டில் பூவன் பழம் நாலு, உரிக்காமல் இருக்கும். ஒரு தடவைகூட, ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று நீங்கள் கெஞ்சியதில்லை. நான் அந்தப் பழத்தையும் தொட்டதில்லை. சம்பந்திக்குக் கிடைக்கிற மரியாதையைப் பார் என்று நெஞ்சில் குறித்துக்கொண்டேன்.

உங்களைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லக் கூடாது என்று இருந்தவள்தான். ஆனாலும் கண்ணிலும் காதிலும் பட்டதை இல்லையென்று சொல்ல முடியாது. ஜோசப்பின் அப்பா பக்கவாதத்தில் விழுந்து பதினோரு வருஷம் கிடந்ததைக் கலா வழியாகத்தான் கேள்விப்பட்டேன். விடிந்ததும் அவரைக் குளிப்பாட்டி, மாதா கோயில் கோபுரம் தெரிகிற ஜன்னலுக்கு நேராக நாற்காலியில் உட்கார வைத்து, கஞ்சி ஊட்டி, அப்புறம் பள்ளிக்கூடம் ஓடுவீர்களாம். பிரேயருக்கு ஒரு நாள்கூட லேட்டாகப் போனதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். உங்களுக்கு என்று ஒரு நாளும் கிடையாது.

உங்கள் வீட்டு மாலை ஜெபத்தைப் பார்த்து நான் முதலில் சிரித்துவிட்டேன். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி பேர் வாசிப்பீர்கள். ஜோசப். "உள்ளேன் அம்மா." கலா. "உள்ளேன் அத்தை." திருச்சியில் கட்டிக்கொடுத்த உங்கள் மகள் ரீட்டா தினமும் ஆறரை மணிக்கு போன் போட்டு "உள்ளேன் அம்மா" சொல்ல வேண்டும். ஒரு நாள் அவள் தாமதமாகப் போட்டதற்கு, "உங்க வூட்டுல கடிகாரம் நின்னுபோச்சா, மாப்பிள்ளை நின்னுபோயிட்டாரா" என்று கேட்டீர்கள். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

பங்குனி மாதம், உங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு நடந்து போய் நடந்து வந்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்களாம். கலா சொம்போடு வருவதற்குள் முடிந்துவிட்டது. எண்பத்து நாலு வயது என்றாலும், காலையில் நடந்த ஆள் மத்தியானம் இல்லை என்றால் யாரால் நம்ப முடியும்?

துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சம்பந்தி வீட்டுச் சாப்பாடுதான் வர வேண்டும். நான்தான் சம்பந்தி. இருபத்து நாலு வருஷம் உங்கள் வீட்டில் சோறு தின்னாதவள், உங்கள் வீட்டுக்கே சோறும் ரசமும் ஆக்கி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பரிமாறினேன். நான் சாப்பிடவில்லை. தெருவில் உங்களிடம் படித்தவர்கள், பல்லுப்போன கிழவர்கள்வரை, யாரும் சொல்லாமலே வரிசை கட்டி நின்றார்கள். குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். சவப்பெட்டியை மூடும்போது ரீட்டா குனிந்து உங்கள் காதருகே, "உள்ளேன் அம்மா" என்றாள். அங்கே நான் அழுததை உங்கள் மகன் பார்த்துவிட்டான். பார்க்கட்டும்.

ஏழாம் நாள் பூசை முடிந்த பிறகு, உங்கள் சேலைகளைப் பங்கு வைக்க ரீட்டா பீரோவைத் திறந்தாள். ஜெபப் புத்தகங்களுக்குக் கீழே இந்தச் சாக்பீஸ் பெட்டி. ஏதோ பழைய பேனாவாக இருக்கும் என்று மூடியைத் தள்ளினாள். வெடுக்கென்று பெட்டியைக் கட்டிலில் போட்டாள்.

"அண்ணி, இங்க வாங்க. இது என்ன?"

செய்தித்தாளில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தால் குங்குமம். இன்னொன்றில் குங்குமத்தோடு கருத்துப்போன எலுமிச்சை. எண்ணினார்கள். இருபத்தொன்று. ஒவ்வொன்றின் மேலும் உங்கள் கையெழுத்தில் ஒரு தேதி. ஒரே ஒரு பொட்டலத்தில் குங்குமம் இல்லை, ஒரு வேப்பிலை மட்டும். அதன் மேல் எழுதியிருந்ததை ரீட்டா வாசித்தாள். "ஊரடங்கு. கொல்லையில் ஏற்றினேன்."

"எங்கம்மா கொல்லையில என்னத்த ஏத்துனாங்க? பொட்டுகூட வைக்காத எங்கம்மா பீரோவுல குங்குமம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே அவள் என் பக்கம் திரும்பினாள். "இருபத்து நாலு வருசமா இந்த வூட்டுல பச்சத்தண்ணி குடிக்காதவங்க நீங்க. ஏன் குடிக்கலன்னு இப்பல்ல தெரியுது. எங்கம்மாவ என்ன பண்ணி வச்சீங்க?"

"ரீட்டா, வாயடக்கு" என்றான் ஜோசப்.

"நான் ஏன் அடக்கணும்? அம்மா நல்லா நடந்து போயிட்டு வந்தவங்கண்ணே. இது செய்வினை இல்லாம வேற என்ன?"

என்னை யார் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் கலா என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். இருக்குமோ என்று கேட்கிற பார்வை. நான் பெற்ற பிள்ளை. எந்தப் பிள்ளைக்காக அம்மனிடம் வாய் கொடுத்தேனோ அந்தப் பிள்ளை. அந்த ஒரு நொடி போதும் டீச்சர், நான் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போக.

கையை நீட்டி ஒரு பொட்டலத்தை எடுத்து முகர்ந்தேன். குங்குமத்தில் ஒரு சிட்டிகை புற்று மண் கலந்து மடிக்கிற பூசாரி எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தன்தான். அது எங்கள் குலசாமி கோயில் குங்குமம். தேதிகளைப் பார்த்தேன். என்னால் வாசிக்க முடிகிற கையெழுத்து உங்களுடையது ஒன்றுதான். பலகையில் எழுதுவது போல உருண்டையாக இருக்கும். எல்லாம் ஆடி மாதம்.

"இந்தப் பெட்டிய நான் எடுத்துட்டுப் போறேன். நாளன்னைக்கு வந்து சொல்றேன்" என்றேன்.

"எடுத்துட்டுப் போங்க. இந்த வூட்டுல இருக்க வேணாம்" என்றாள் ரீட்டா.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏரிக்கரைக்குப் போனேன். பூசாரி கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறந்து காட்டினேன். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"டீச்சரம்மா போயிட்டாங்களாக்கா?"

"அவங்கள உனக்கு எப்படிடா தெரியும்?"

"இருவத்தோரு வருசமாத் தெரியும். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்னைச் சூடம் அணைக்க வச்சுட்டாங்க. அவங்க உசுரோட இருக்கிறவரைக்கும்னு அணைச்சேன். இனி சொல்லலாம்."

அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன். நீங்களும் என்னிடம் அப்படித்தானே கேட்டீர்கள்.

"மொத வருசம் வழி தப்பி வந்துட்டாங்கன்னு நெனச்சேன். கழுத்துல சிலுவை, கையில தூக்குவாளி. 'இது கலா கையால இடிச்ச மாவு. அவ பேரச் சொல்லி வெளக்கேத்துங்க'ன்னாங்க. நீங்களே ஏத்துங்கம்மான்னேன். 'நான் ஏத்தக் கூடாது. நான் கொண்டாந்து கொடுக்கிற ஆளு'ன்னாங்க."

"கும்பிட்டாங்களா?"

"கும்பிடல. ஒரு வருசமும் கும்பிடல. அந்தா, வேப்பமரத்துக்கு அந்தாண்ட, செருப்பக் கழட்டிட்டு வெயில்ல நிப்பாங்க. நெழலுக்கு வாங்கம்மான்னா வர மாட்டாங்க. வெளக்குத் தானா அணையிற வரைக்கும் நிப்பாங்க, பரிச்சை ஹால்ல நிக்கிற மாதிரி. மாவுப் பிரசாதத்தக் களையெடுக்கிற பொம்பளைங்களுக்குக் கொடுத்துட்டு, குங்குமத்த மட்டும் மடியில வச்சுட்டுப் போவாங்க. 'நீங்க வச்சுக்க மாட்டீங்களே, எதுக்கும்மா'ன்னு கேட்டேன். 'அடுத்தவங்க சாமி கொடுத்தத நான் எப்படிக் குப்பையில போடுறது'ன்னாங்க."

அவனே தொடர்ந்தான்.

"பேத்தி பொறந்த வருசம் நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம். எங்க அம்மன்தான் கொடுத்துச்சுன்னேன். 'நான் இதுக்கு மார்க் போடுறதில்ல பூசாரி'ன்னு சிரிச்சாங்க. இன்னொரு வருசம், உங்க சாமியாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரான்னு கேட்டேன். 'வருசா வருசம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது இந்தப் பாவத்தையும் சொல்லிடுறேன். இனி செய்ய மாட்டேன்னு சொல்லச் சொல்றாரு. அத மட்டும் சொல்ல முடியல'ன்னாங்க. அப்ப சிரிக்கல."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா என் கோவம் அன்னைக்கே போயிருக்குமேடா."

"அதையும் கேட்டேன்க்கா. 'அவங்க கோவம் போகணும்னு நான் இதச் செய்யல. அவங்க கொடுத்த வார்த்தை நிக்கணும், கலா நல்லா இருக்கணும். கலாகிட்டச் சொன்னா அவ மனசு ரெண்டாகும்'னாங்க."

கோயிலைப் பார்த்து நான் கும்பிடவில்லை அன்றைக்கு. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெறும் கட்டாந்தரை. ஒரு புல்கூட இல்லை.

சொன்னபடி மறுநாள் குரும்பலூருக்கு வந்தேன். ஜோசப், ரீட்டா, கலா மூன்று பேரையும் உட்காரச் சொல்லி, பெட்டியை நடுவில் வைத்து, பூசாரி சொன்னதை அப்படியே சொன்னேன். முதலில் கலாதான் வாயைத் திறந்தாள்.

"ஆடி பொறந்ததும் பச்சரிசி ஊறப்போடச் சொல்வாங்க. மிக்சி வேணாம், உரல்ல இடி, உன் கையால இடின்னுவாங்க. எதுக்கு அத்தைன்னா, ஒரு நேர்ச்சைன்னாங்க. எந்தக் கோயில் நேர்ச்சைன்னு நான் கேக்கவே இல்லம்மா. போன வருசம் முடியாம இருந்தாங்க, நானும் கூட வரேன்னேன். தனியாப் போற நேர்ச்சைன்னுட்டாங்க." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊரடங்குல, கொல்லையில துவைக்கிற கல்லு மேல வட்டமாக் கரி இருந்துச்சு. நான்தான் தேங்காநார் போட்டுத் தேய்ச்சேன்" என்றாள்.

அவள் கையால். நான் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை கத்திய அந்தச் சொல்லை நீங்கள் எங்கேயும் பிசகவிடவில்லை. என் மகள் இத்தனை வருஷமாகத் தனக்கே தெரியாமல் என் வார்த்தையை இடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ அம்மன் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருந்தேன்.

ஜோசப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். "அதனாலதானா" என்றான்.

"எதுண்ணே?"

"ஜூலை கடைசியிலேருந்து ஆகஸ்டு பதினஞ்சு மாதா திருநாள் வரைக்கும் அம்மா நன்மை வாங்க மாட்டாங்க ரீட்டா. பூசைக்கு வருவாங்க. எல்லாரும் எந்திரிச்சு வரிசையில போகும்போது அவங்க மட்டும் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. கேட்டா, இப்ப எனக்குத் தகுதி இல்லப்பான்னுவாங்க. வயசானவங்க ஏதோ சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

நன்மை என்றால் உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். செய்த பாவம் நெஞ்சில் இருக்கிறபோது அதை வாங்கக் கூடாதாம். பேத்தி முதல் நன்மை வாங்கிய அன்றைக்கு அவள் நாக்கில் அந்த வெள்ளை அப்பம் வைக்கப்பட்டபோது உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பதினோரு வருஷம் புருஷனைத் தூக்கிச் சுமந்த உங்களுக்கு அந்த அப்பம்தான் தெம்பு என்று கலா சொல்லுவாள்.

நான் உங்கள் அடுப்புச் சோற்றை வேண்டாமென்றது வீம்பு. வீட்டுக்குப் போய் வயிறு நிறையத் தின்றேன். நீங்கள் என் வார்த்தைக்காக, உங்கள் ஆண்டவர் வீட்டுப் பந்தியில், வருஷா வருஷம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லோரும் பார்க்க. அது எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

ரீட்டா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "தப்பாப் பேசிட்டேன்" என்றாள்.

"பேசுனத நான் மறக்க மாட்டேன்" என்றேன். "உங்கம்மாவுக்காகத்தானே பேசுன. அதையும் மறக்க மாட்டேன்."

எல்லோருக்கும் காப்பி வந்தது. என் முன்னால் கலா தட்டை வைத்தாள். பூவன் பழம் நாலு. எனக்குச் சுருக்கென்றது. "இன்னைக்கும் இதுதானா எனக்கு?" என்றேன்.

"அத்தை சொல்லி வச்சதும்மா. 'உங்கம்மா வாய்விட்டு ஒரு சொல்லு சொல்லியிருக்காங்க. நாம கெஞ்சி அத ஒடைக்கக் கூடாது. அடுப்புல ஏத்துன எதையும் அவங்க முன்னாடி வைக்காத. அடுப்பே பாக்காததா வை, அவங்களே தோல உரிச்சுச் சாப்பிடட்டும்'னு. நீ வரன்னு போன் வந்தா போதும், அவங்களே கடைக்குப் போயி ஒவ்வொரு பழமாப் பாத்து வாங்கிட்டு வருவாங்க. நீ தொடாம போனதும் ஆட்டுக்குட்டிக்குப் போடுவாங்க. அடுத்த தடவை மறுபடி வாங்குவாங்க."

இருபத்து நாலு வருஷம். அத்தனை பழத்தையும் ஆடு தின்றது.

ஒரு பழத்தை எடுத்து உரித்தேன். தின்றேன். இன்னொன்றையும் தின்றேன். தோலைத் தட்டிலேயே வைத்தேன். உங்கள் அடுப்பில் ஆக்கியது இன்னும் என் தொண்டையில் இறங்கவில்லை. இறங்கவும் இறங்காது. அந்தச் சபதத்தை நான் போட்டேன், ஆனால் கட்டிக் காத்தது நீங்கள். அதை உடைக்கிற உரிமை எனக்கு இல்லை. கோபத்தை மட்டும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். வைத்துக்கொள்ள எனக்கு ஒரு புதுக் கோபம்தான் மிச்சம்: என்னிடம் சொல்லாமல் போனது. அதைச் சாகிறவரை வைத்திருப்பேன்.

நேற்று ஆடி வெள்ளி. விடிகாலையில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கலா தூக்குவாளியோடு நின்றாள். இந்தத் தடவை எதற்கென்று தெரிந்தே இடித்திருந்தாள்.

"அம்மா, நான் கோயிலுக்கு வர மாட்டேன்."

"ஒன்ன யாரு கூப்புட்டா? குடுத்துட்டுப் போ."

பூசாரி மாவைக் குழித்து, நெய் ஊற்றி, கலா பேரைச் சொல்லித் திரியைப் பற்ற வைத்தான். "உள்ள வாங்கக்கா, ஆடியில உங்கள இங்க பாத்து எவ்வளவு காலமாச்சு" என்றான். நான் உள்ளே போய் ஒரு தடவை கும்பிட்டேன். பிறகு வெளியே வந்தேன். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், அந்தக் கட்டாந்தரையில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். காட்டில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவள் நான். எனக்கே உள்ளங்கால் பொரிந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்து பாடம் நடத்திய... இல்லை, நாற்காலியில் நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள், நின்றேதான் பாடம் நடத்தினீர்கள். அதனால்தான் உங்களுக்கு நிற்க முடிந்திருக்கிறது. விளக்குத் தானாக அணைகிற வரைக்கும் நின்றேன். அது எவ்வளவு நேரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குங்குமத்தை வாங்கி, கொஞ்சம் என் நெற்றியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மடித்து, மேலே தேதியைப் பேத்தியிடம் கேட்டுக் கேட்டு நானே எழுதினேன். எழுத்து கோணலாக இருக்கிறது. இருபத்திரண்டாவதாகப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இன்னும் சில நாளில் உங்கள் மாதா திருநாள் வருகிறது. அங்கே பூசையில் எல்லோரும் எழுந்து வரிசையில் போவார்கள். நீங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள் சம்பந்தி. இனி வெயிலில் நான் நிற்கிறேன். நீங்கள் போய் நன்மை வாங்கிக்கொள்ளுங்கள்.